நிறம் பொய் சொல்லலாமா?

கண்டாவளைக்கு வெள்ளம் புதியதன்று. கிளிநொச்சி மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகளுள் ஒன்றான இப்பகுதிக்குத் தெற்கே இரணைமடுக் குளம் பரந்து கிடக்கிறது. அக்குளத்தைக் கடந்து வரும் கனகராயன் ஆறு எங்கள் வயல்வெளிகளை ஊடறுத்துச் சென்று சுண்டிக்குளம் நீரேரியில் விழுகிறது. நெல்லுக்கு உயிர் தருவது இந்த நீர். மாரியில் எல்லை மீறினால் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதும் இதே நீர்தான்.

2018 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 21, 22 ஆம் திகதிகளில் பெய்த பெருமழையை இவ்வூரவர் மறந்திருக்கமாட்டார்கள். இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. ஆற்றோரக் குறிச்சிகள் பல இரவோடிரவாக நீரில் நின்றன. மக்கள் பிள்ளைகளைத் தோளிலும் பத்திரங்களைத் தலையிலும் சுமந்துகொண்டு பாடசாலைகளிற் புகுந்தார்கள். மாடுகளையும் கோழிகளையும் இழந்தோர் பலர்.

தை பிறந்து வகுப்புகள் தொடங்கியபோது என் புவியியல் மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்தேன். வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவர்களில் சேற்றுக் கோடு ஒன்று எஞ்சியிருந்தது. அந்தக் கோடு நிலத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதைத் தத்தம் குறிச்சிகளில் அளவு நாடாவினால் அளந்து வரவேண்டும். பிறகு எல்லா அளவுகளையும் ஒரு பெரிய படத்தில் நிறம் தீட்டிக் காட்டவேண்டும். பிள்ளைகள் உற்சாகத்தோடு ஓடி ஓடி அளந்தார்கள். படம் வளர்ந்தது. வகுப்பறைச் சுவரில் அது தொங்கியபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை பெற்றோர் கூட்டம் வரைக்குமே நிலைத்தது.

பச்சைக் குறிச்சி

கூட்டத்திற்கு வந்த முதிய விவசாயி ஒருவர் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். தமது குறிச்சியை விரலால் தொட்டுக் காட்டி, "மாஸ்ரர், எங்கட பக்கத்துக்குப் பச்சையெல்லோ அடிச்சிருக்கு. அப்ப இனி எங்களுக்குப் பயமில்லைத்தானே?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய குறிச்சியிலேதான் நீர் மிக அதிகமாக நின்றது. படத்தின் மூலையில் இருந்த விளக்கக் கட்டத்தில் 'ஐந்து அடிக்கு மேல் - பச்சை' என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஓரடி நீருக்குச் சிவப்பு, இரண்டடிக்கு மஞ்சள், மூன்றடிக்கு ஊதா, நான்கடிக்கு இளஞ்சிவப்பு. எந்தப் பென்சில் கைக்கு அகப்பட்டதோ அந்த நிறத்தை அந்த அளவுக்குக் கொடுத்திருந்தார்கள்.

படத்திற் பிழையான அளவு எதுவும் இல்லை. எல்லா எண்களும் உண்மையானவை. ஆயினும் அந்தப் படம் அவரிடம் பொய் சொல்லிவிட்டது. விளக்கக் கட்டத்தை வாசிக்காதது அவருடைய குற்றமா? அன்று. விளக்கத்தை வாசிக்குமுன்பே கண் நிறத்தை வாசித்து முடித்துவிடுகிறது. அவ்வாறு முதலிற் சென்று சேரும் செய்தி பிழையாயிருந்தால், பின்னால் வரும் நூறு எழுத்துகளும் அதைத் திருத்தமாட்டா. அந்தப் பெரியவர் அடுத்த மாரியில் அந்தப் பச்சையை நம்பி வீட்டிலேயே இருந்திருந்தால் என்னாகும் என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்க விடவில்லை.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றினோம். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். அந்த முயற்சியில் ஆசிரியனாகிய நானும் மாணவர்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டவையே இக்கட்டுரை.

பெயருக்கு ஒரு நிறம், அளவுக்கு ஒரு நிறம்

முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டோம்: படத்தில் நிறம் என்ன வேலை செய்கிறது?

சில படங்களில் நிறம் வெறும் பெயரின் வேலையைச் செய்கிறது. இலங்கையின் மாவட்டங்களைக் காட்டும் படத்தில் கிளிநொச்சி மஞ்சளாகவும் முல்லைத்தீவு பச்சையாகவும் இருந்தால், ஒன்று மற்றதைவிடப் பெரியது என்றோ நல்லது என்றோ பொருளில்லை. இது வேறு, அது வேறு என்பதே பொருள். இத்தகைய படத்துக்கு எத்தனை நிறம் வேண்டும் என்பது கணித வல்லுநரை நூற்றாண்டுக்கு மேலாக மயக்கிய வினா. நான்கு நிறங்கள் போதும் என்று 1852 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கத்ரி என்னும் ஆங்கில இளைஞர் ஊகித்தார். அப்பெல், ஹாக்கன் என்னும் இருவர் கணினியின் துணைகொண்டு அதை நிறுவியது 1976 ஆம் ஆண்டிலேதான்.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1858 ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடமும் இவ்வினத்தது. கிரைமியப் போரில் இறந்த பிரித்தானியப் படையினரின் தொகையை மாதந்தோறும் காட்டிய அப்படத்தில், தடுக்கக்கூடிய நோயால் இறந்தோர் நீலம். காயத்தால் இறந்தோர் சிவப்பு. பிற காரணங்களால் இறந்தோர் கறுப்பு. போர் என்றதும் குருதியை நினைத்திருந்தோர் படத்தைப் பார்த்தபோது கண்டது நீலத்தின் பரப்பையே. பகைவனின் குண்டைவிட மருத்துவமனையின் அசுத்தம் அதிகம் பேரைக் கொன்றது என்ற உண்மையை மூன்று நிறங்கள் சொல்லிவிட்டன.

வேறு சில படங்களில் நிறம் அளவின் வேலையைச் செய்கிறது. எங்கள் வெள்ளப் படம் இவ்வினம். ஓரடிக்கும் ஐந்தடிக்கும் உள்ள உறவு வேற்றுமை மாத்திரமன்று. ஒன்று குறைவு, மற்றது மிகுதி. அப்படியாயின் நிறமும் குறைவிலிருந்து மிகுதிக்குப் படிப்படியாக ஏறவேண்டும். வெளிறியது குறைவு, கருத்தது மிகுதி என்பது கண்ணுக்கு எவரும் கற்பிக்காமலே விளங்கும் முறை. 1826 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கல்வி நிலையைப் படமாக்கிய ஷார்ல் துய்ப்பான் என்பவரிடம் கறுப்பு மை ஒன்றே இருந்தது. கல்வி குறைந்த மாவட்டங்களைக் கருமையாகவும் மிகுந்தவற்றை வெண்மையாகவும் விட்டார். இருண்ட பிரான்சு, ஒளிபெற்ற பிரான்சு என்று பார்த்தோர் உடனே பேசத் தொடங்கினர்.

மூன்றாம் இனமும் உண்டு. நடுவில் ஒரு நிலையை வைத்து அதற்கு மேலும் கீழும் விலகுவதைக் காட்டும் படங்கள் அவை. இவ்வாண்டு மழை வழக்கத்தைவிடக் கூடுதலா, குறைவா என்று காட்டுவதாயின், வழக்கமான அளவுக்கு வெண்மையை வைத்து, கூடியதற்கு வரவரக் கருக்கும் நீலத்தையும், குறைந்ததற்கு வரவரக் கருக்கும் மண்ணிறத்தையும் தரலாம். இங்கிலாந்தின் றெடிங் பல்கலைக்கழகத்து அறிஞர் எட் ஹோக்கின்ஸ் 2018 இல் வெளியிட்ட வெப்பநிலைக் கோடுகளை மாணவர்கள் கண்டிருக்கலாம். ஆண்டுக்கு ஒரு கோடு. குளிர்ந்த ஆண்டு நீலம், வெப்பமான ஆண்டு சிவப்பு. எண்ணும் எழுத்தும் இல்லாத அப்படம் புவி வெப்பமாகி வருவதைச் சிறு பிள்ளைக்கும் உணர்த்துகிறது.

இந்த மூவகையையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற நிறத்தொகுதிகளை ஆராய்ந்து தந்தவர் அமெரிக்கப் புவியியற் பேராசிரியை சிந்தியா புரூவர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட தொகுதிகளை உலகெங்கும் படம் வரைவோர் இன்றும் கையாளுகின்றனர்.

வானவில்லின் குறை

இவ்வளவையும் கேட்ட மாணவி ஒருத்தி, "வானவில்லுக்கு ஒரு ஒழுங்கு இருக்கெல்லோ சேர்? அந்த ஒழுங்கிலை தீட்டினால் என்ன?" என்றாள். நல்ல கேள்வி. விடையை நான் சொல்லவில்லை; ஒரு சோதனை செய்தோம். வாசகர்களும் வீட்டிற் செய்து பார்க்கலாம்.

ஏழு வெவ்வேறு நிறப் பென்சில்களை மேசையில் பரப்பி, குறைவிலிருந்து கூடுதலுக்கு ஒழுங்குபடுத்துமாறு பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்தேன். ஒருவர் வைத்த ஒழுங்கை இன்னொருவர் வைக்கவில்லை. பிறகு ஒரே நீலத்தை நீர் கலந்து கலந்து வெளிறச் செய்து ஐந்து தாள்களிற் பூசிக் கொடுத்தேன். அத்தனை பேரும் ஒரே ஒழுங்கில் அடுக்கினார்கள். முதலாம் வகுப்பிற் படிக்கும் தம்பி ஒருவனும் பிழைவிடவில்லை.

வானவில்லின் ஒழுங்கு ஒளி அலையின் நீளத்தைப் பொறுத்த ஒழுங்கு. அது பௌதிக நூலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கண் முதலில் உணர்வது வெளிச்சத்தை. வானவில்லில் நடுவிலே நிற்கும் மஞ்சள் மற்றெல்லா நிறத்தையும்விடப் பளிச்சிடுகிறது. ஆதலால் நடுத்தர அளவுக்கு மஞ்சள் கிடைத்தால், அந்த இடமே எல்லாவற்றிலும் முக்கியமானது போலத் தோன்றும். மேலும், பச்சை முடிந்து மஞ்சள் தொடங்கும் இடத்தில், நிலத்தில் இல்லாத எல்லையொன்று படத்தில் முளைக்கும்.

விஞ்ஞானிகளும் இந்த மயக்கத்தில் நெடுங்காலம் இருந்தவர்களே. ஆராய்ச்சிப் படங்களைக் கணினியில் வரைவோர் பலரும் வானவில் நிறங்களையே கையாண்டு வந்தார்கள். பைதன் மொழியில் வரைபடம் ஆக்க உதவும் மாட்பிளாட்லிப் என்னும் மென்பொருள் 2017 ஆம் ஆண்டில், தானாக வழங்கும் நிறத்தொகுதியை மாற்றி, விரிடிஸ் என்பதை ஏற்றுக்கொண்டது. கருநீலம் கலந்த ஊதாவில் தொடங்கிப் பச்சை வழியாக மஞ்சளில் முடியும் இத்தொகுதியில், நிறம் மாறினாலும் வெளிச்சம் ஒரே சீராக ஏறிச் செல்லும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் ஒழுங்கு குலையாது.

பச்சையும் சிவப்பும் ஒன்றாய்த் தெரிந்தவன்

இரண்டாவது படத்துக்கு வகுப்பார் எல்லாரும் ஒருமுகமாக வேறொரு முறையைத் தெரிந்தார்கள். வீதிச் சமிக்ஞை விளக்கைப் போல, ஆபத்தில்லாத இடத்துக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள், ஆபத்தான இடத்துக்குச் சிவப்பு. வன்னிப் பிள்ளைகளுக்குச் சிவப்பின் பொருளை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் காட்டோரங்களில் நின்ற காலத்திலே வளர்ந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். மிதிவெடிக்கு அடையாளமான அந்தச் சிவப்பைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். ஆகவே இம்முறை பிழை நேராது என்று நானும் நம்பினேன்.

பின் வாங்கிலிருந்த ஒரு பையன் மாத்திரம் நிறம் தீட்டாமல் இருந்தான். காரணம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்: "எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒரு மாதிரித்தான் தெரியும் சேர். பென்சிலிலை எழுதியிருக்கிற பேரைப் பாத்துத்தான் எடுக்கிறனான். இந்தப் பெட்டியிலை பேர் இல்லை."

வகுப்பு அமைதியாயிற்று. முந்திய ஆண்டு அவன் வரைந்த படமொன்றில் காட்டுக்கு மண்ணிறம் தீட்டியிருந்தான் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. கவனக்குறைவு என்று சொல்லி நானே புள்ளிகளைக் குறைத்திருந்தேன். அந்தப் பிள்ளை அன்று எதுவும் பேசவில்லை. தன் கண் மற்றவர் கண்ணைப் போன்றதன்று என்பதை எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரிந்திருக்காது. வகுப்பு முடிந்தபின் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியன் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதில் தாழ்வொன்றுமில்லை.

இக்குறை பலர் நினைப்பதுபோல அபூர்வமானதன்று. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டை அறிவதிற் குறையுண்டு. ஆசியருள் இத்தொகை சற்றுக் குறைவு. பெண்களிடத்தில் மிக அரிது. இருநூறு பேரில் ஒருவர் எனலாம். கண்ணின் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புக் கலங்கள் மூவகைப்படும். அவற்றுள் ஒருவகை இல்லாமலோ மாறுபட்டோ இருந்தால் இந்நிலை தோன்றும். இதற்குக் காரணமான மரபணு தாய் வழியாக மகனுக்கு வருவது. ஆதலால் இக்குறையுள்ள பையனின் தாய்மாமனுக்கோ தாய்வழிப் பாட்டனாருக்கோ அதே குறை இருப்பதுண்டு. எங்கள் பையனின் வீட்டில் விசாரித்தபோது, தாயாரின் தமையனும் அப்படியே என்று தெரிந்தது. 'நிறம் தெரியாதவன்' என்று அவரை வீட்டார் கேலி செய்து வந்தார்களாம்.

அணுக் கொள்கையால் புகழ்பெற்ற ஜோன் டால்டனும் இக்குறையுடையவர். தமது கண்ணைப் பற்றித் தாமே ஆராய்ந்து 1794 ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஒரு கட்டுரை வாசித்தார். தம் கண்ணினுள்ளே இருக்கும் நீர்மம் நீலமாயிருப்பதே காரணம் என எண்ணி, தாம் இறந்தபின் அதைச் சோதிக்கும்படி கேட்டுக்கொண்டார். 1844 இல் அவர் இறந்தபோது சோதித்தார்கள். நீர்மம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட அக்கண்ணின் மரபணுவை 1995 ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பச்சையை உணரும் கலவகை அவருக்கு இருக்கவில்லை.

சமிக்ஞை விளக்கில் இத்தகையோர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கேட்கலாம். அங்கே மேலே சிவப்பு, கீழே பச்சை என்ற இட ஒழுங்கு உதவுகிறது. படத்தில் அந்த உதவி இல்லை. ஒகாபே, இதோ என்னும் யப்பானிய அறிஞர் இருவர், இக்குறையுள்ளோருக்கும் வேறுபாடு தெரியத்தக்க எட்டு நிறங்களைத் தொகுத்து வெளியிட்டனர். பெயரைக் காட்டும் படம் வரைவோர் அவற்றைப் பின்பற்றலாம். அளவைக் காட்டும் படத்துக்கோ, வெளிறலிலிருந்து கருமைக்கு ஏறும் ஒரே நிறம் எல்லாக் கண்ணுக்கும் பொதுவானது.

இலை தந்த பாடம்

இந்த வேளையில் எங்களுக்கு வழிகாட்டியது வயலிலிருந்து வந்தது. மாணவி ஒருத்தி, தன் தந்தையார் விவசாயப் பயிற்சி வகுப்பொன்றிற் பெற்று வந்த ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். இலை வண்ண அட்டை என்பது அதன் பெயர். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆசிய விவசாயிகளிடையே பரப்பிய எளிய கருவி அது.

அட்டையில் நான்கு அல்லது ஆறு பட்டைகள் இருக்கும். முதற் பட்டை மஞ்சள் சார்ந்த வெளிர் பச்சை. கடைசிப் பட்டை கரும்பச்சை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நெற்பயிரின் இலையைப் பட்டைகளின்மேல் வைத்து எதனோடு ஒத்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். இலை வெளிறியிருந்தால் பயிருக்குத் தழைச்சத்து போதாது, யூரியா வேண்டும். கருத்திருந்தால் வேண்டியதில்லை, பணமும் மிச்சம், நிலமும் கெடாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முறைப்படி, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் பத்து இலைகளைப் பார்ப்பார்கள். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண்ணும் மற்ற இரகங்களுக்கு நான்காம் எண்ணும் எல்லை. பத்தில் ஆறு இலைகள் எல்லைக்குக் கீழே இருந்தால் உரம் இடவேண்டும்.

இந்தச் சிறு அட்டையில் எங்களுக்கு வேண்டிய எல்லா விதிகளும் அடங்கியிருப்பதைக் கண்டு வியந்தோம். நிறம் ஒன்றே; அது வெளிறலிலிருந்து கருமைக்கு ஏறுகிறது. படிகள் சில, ஒன்றோடொன்று மயங்காத அளவுக்கு விலகியவை. நிறத்தோடு எண்ணும் இருக்கிறது. பார்த்தவுடன் என்ன செய்யவேண்டும் என்பதும் தெரிகிறது. வெயில் நேரே பட்டால் நிறம் மாறித் தோன்றும் என்பதால், அளப்பவர் தம் உடம்பின் நிழலிலே வைத்துப் பார்க்கவேண்டும் என்ற எச்சரிக்கை வேறு. எழுதப் படிக்க அதிகம் தெரியாத விவசாயியும் பிழையில்லாமல் வாசிக்கக்கூடிய வரைபடம் என்று சொன்னால் அது மிகையன்று.

அயல் நிறத்தின் சூழ்ச்சி

மூன்றாவது படத்தை நீலத்திலே தீட்டினோம். முதலில் பன்னிரண்டு படிகள் வைத்துப் பார்த்தோம். எந்த நீலம் எந்த நீலம் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஐந்தாகக் குறைத்தோம், தெளிவாயிற்று. ஐந்து முதல் ஏழு படிகளுக்கு மேற்போனால் படத்திலுள்ள நிறத்தை விளக்கக் கட்டத்திலுள்ள நிறத்தோடு பொருத்திக் காணக் கண் தடுமாறும்.

இங்கே ஒரு புதிர் எதிர்ப்பட்டது. ஒரே நீலம் தீட்டிய இரண்டு குறிச்சிகள் படத்தில் வெவ்வேறாகத் தெரிந்தன. கருநீலத்தின் நடுவே இருந்தது வெளிறியும், வெண்மையின் நடுவே இருந்தது கருத்தும் தோன்றின. சேலைக் கடைக்குச் சென்ற தாய்மாருக்கு இது புதியதன்று. கடையில் ஒரு நிறமாய்த் தெரிந்த துணி, வீட்டிலுள்ள சட்டைத் துணியோடு சேர்த்தால் வேறு நிறமாகிவிடும். பாரிஸ் நகரின் கோப்ளன் நெசவுச் சாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த இரசாயன அறிஞர் செவ்ரல், தங்கள் கறுப்பு நூல் போதிய கறுப்பாயில்லை என்ற முறைப்பாட்டை ஆராய்ந்தார். குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறங்களில் இருக்கிறது என்று கண்டார். 1839 ஆம் ஆண்டில் வெளியான அவருடைய நூல் இவ்வுண்மையை விரித்துரைத்தது.

எங்களுக்கு அது தந்த தீர்வு எளியது. குறிச்சிகளுக்கிடையே மெல்லிய வெண்கோடு ஒன்றை விட்டோம். ஒவ்வொரு குறிச்சியின்மேலும் அடிக்கணக்கை எண்ணாலும் எழுதினோம். மயக்கம் நீங்கியது.

வெற்றிடமும் உச்சியும்

இன்னும் இரண்டு இடங்களிற் பிழை பதுங்கியிருந்தது. மதகு உடைந்திருந்தமையால் ஒரு குறிச்சிக்குப் பிள்ளைகள் போக முடியவில்லை. அதை வெறுமையாக விட்டிருந்தோம். பார்ப்பவர் என்ன நினைப்பார்? அங்கே வெள்ளமே வரவில்லை என்றுதானே! அளந்தபோது நீர் இல்லை என்பது வேறு. அளக்கவே இல்லை என்பது வேறு. ஆகவே அந்த இடத்தைச் சாம்பல் நிறச் சாய்கோடுகளால் நிரப்பி, 'அளக்கப்படவில்லை' என்று எழுதினோம்.

மற்றது உச்சி. 2013 ஆம் ஆண்டு சனவரியில் அவுஸ்திரேலியாவில் எழுந்த கடும் வெப்பத்தைக் காட்ட, அந்நாட்டு வளிமண்டலவியற் பணியகத்தின் படத்தில் நிறம் போதவில்லை. ஐம்பது பாகை செல்சியசுடன் முடிந்திருந்த அளவை ஐம்பத்து நான்கு வரைக்கும் நீட்டி, ஊதா நிறங்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். வந்து போன வெள்ளத்தோடு உலகம் முடிந்துவிடவில்லை. எங்கள் படத்தின் கருநீலத்துக்கு மேலே ஒரு படியை வெறுமையாக விட்டுவைத்தோம். 'இனி வரக்கூடியது' என்று பிள்ளைகள் அதற்குப் பெயரிட்டார்கள்.

நிறத்தோடு சொல்லும் வேண்டும்

ஆபத்தை அறிவிக்கும் நிறங்களை அரசாங்கங்களும் கையாளுகின்றன. மலைநாட்டு மண்சரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது: மஞ்சள் என்றால் விழிப்பாயிருத்தல், செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாதல், சிவப்பு என்றால் வெளியேறுதல். இந்தியாவில் 2020 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், கொரோனா நோயின் பொருட்டு 733 மாவட்டங்களைச் சிவப்பு 130, செம்மஞ்சள் 284, பச்சை 319 எனப் பிரித்தார்கள். இவ்விரண்டிலும் நிறத்தோடு ஒரு சொல் சேர்ந்தே வருகிறது. வானொலியிற் கேட்பவருக்கும், நிறம் தெரியாதவருக்கும், படத்தையே காணாதவருக்கும் அச்சொல் போய்ச் சேரும். நிறத்தைத் தனியே அனுப்பாதீர்கள். துணைக்கு ஒரு சொல்லையோ எண்ணையோ சேர்த்து அனுப்புங்கள் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம்.

நிறத்தின் பொருள் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதையும் மறத்தலாகாது. மணப்பந்தலில் சிவப்பு மங்கலம். காட்டோரப் பலகையில் சிவப்பு மரணம். மேல்நாட்டார் துக்கத்துக்குக் கறுப்பு அணிவர். நம் ஊரில் வெள்ளைக் கொடி தொங்கினால் இழவு வீடு என்று அறிவோம். படம் யாருக்காக வரையப்படுகிறதோ அவர் மனத்தில் அந்த நிறம் என்ன சொல்லும் என்பதைக் கேட்டறிந்தே தீட்டவேண்டும்.

மூன்றாவது படம்

படம் முடிந்ததும் இரண்டு சோதனைகள் வைத்தோம். முதலாவதாக, அதைக் கறுப்பு வெள்ளையிற் போட்டோப் பிரதி எடுத்துப் பார்த்தோம். நிறம் போயிற்று, ஒழுங்கு போகவில்லை. இரண்டாவதாக, பின் வாங்குப் பையனை அழைத்து, நீர் அதிகம் நின்ற மூன்று குறிச்சிகளைக் காட்டச் சொன்னோம். சற்றும் தயங்காமல் காட்டினான். வகுப்பு முழுவதும் கைதட்டியது. அன்று முதல் எங்கள் வகுப்பில் எந்தப் படம் வரைந்தாலும் முதலிற் பார்ப்பவன் அவனே. எதைக் குறை என்று மறைத்து வைத்திருந்தானோ, அதனாலேயே வகுப்பின் சோதனையாளன் ஆனான்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த முதிய விவசாயியும் வந்தார். விளக்கக் கட்டத்தை அவர் பார்க்கவேயில்லை. படத்தில் தமது குறிச்சியைத் தேடினார், கண்டார், முகம் மாறிற்று.

"நல்லாக் கறுத்துக் கிடக்கு மாஸ்ரர். அடுத்த மாரிக்கு மாட்டை முதலே மேட்டுக்குக் கொண்டு போகத்தான் வேணும்" என்றார்.

மாணவர்களே, நீங்கள் நாளை வரையப்போகும் படம் விளைச்சலைக் காட்டலாம், நோயைக் காட்டலாம், தேர்தல் முடிவைக் காட்டலாம். பெட்டியிலுள்ள எல்லா நிறத்தையும் எடுத்துத் தீட்டும் ஆசை எவருக்கும் வரும். அப்போது கணினியும் உங்களுக்குக் கோடி நிறங்களை நீட்டும். ஒரு கணம் நின்று, இந்தப் படத்தை நம்பி யாரோ ஒருவர் மாட்டை ஓட்டிச் செல்லப்போகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எந்த நிறத்தை எடுப்பது, எதைப் பெட்டியிலேயே விடுவது என்பது பிறகு தானாக விளங்கும்.